துரைக்கு வழிவிட்ட கோல்கீப்பர்

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. கப்பற்படையில் இருந்தவன் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வருகிறவர்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சண்டையில எத்தன பேர சுட்டீங்க?"

ஒருவரையும் சுடவில்லை. முதலாம் மகாயுத்தம் முடியும்வரை வெள்ளைக்காரனின் போர்க்கப்பலில் நான் ஊசியும் நூலுமாகத்தான் இருந்தேன். கித்தான் கிழிந்தால் தைப்பேன். மேல்தளத்துக்கு நிழல் பந்தல் தைப்பேன். மாலுமிகள் படுக்கிற தூளியைத் தைப்பேன். ஆள் செத்துப் போனால் கடலில் இறக்குவதற்கு முன் அவனை வைத்துத் தைக்கிற உறையும் என் வேலைதான். நான் சிந்த வைத்த ரத்தமெல்லாம் என் கட்டைவிரல் ரத்தம். இதைச் சொன்னதும் வந்தவர்களின் முகம் தொங்கிப்போகும். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அவர்கள் கேட்டிருக்க வேண்டியது பந்தைப் பற்றி. ஏடனிலும் பஸ்ராவிலும் கப்பல் நின்றால் வெள்ளைக்கார மாலுமிகள் மணலில் இறங்கிப் பந்து உதைப்பார்கள். ஆள் குறைந்தால் என்னையும் இழுத்து நிறுத்துவார்கள். கப்பலுக்குள் எனக்கு "ஏய்" என்பதுதான் பெயர். மணலில் இறங்கிவிட்டால் அதே ஆட்கள் "இங்கே கொடு, இங்கே கொடு" என்று என்னிடம் கெஞ்சுவார்கள். அந்த ருசி என்னை விடவில்லை. சம்பளம், சாப்பாடு, ராஜாவின் முத்திரை போட்ட பித்தளைப் பொத்தான் எல்லாம் மறந்துபோயிற்று, அந்தக் கெஞ்சல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

யுத்தம் முடிந்து என்னை அனுப்பியபோது எனக்கு ஒரே ஒரு ஆசை. கடல் கண்ணில் படாத ஊரில் குடியேற வேண்டும். கப்பலில் இருந்த காலமெல்லாம் வாந்தி எடுத்தவனுக்கு வேறு என்ன ஆசை வரும்? கொழும்பில் ரயில் ஏறி, குளிர் தாங்க முடியாமல் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கிய இடத்தில் இறங்கினேன். அது ஹட்டன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கித்தான் தைக்கிற கடை போட்டேன். முன்னால் ஜவுளிக் கடை, மளிகைக் கடை வைத்திருந்த ராமநாதபுரத்து முதலாளிகள், "மலை மேல கப்பலா ஓட்டப் போறீரு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதிலிருந்து ஊரில் எனக்கு "கப்பக்காரர்" என்றே பேராகிவிட்டது.

அவர்கள் சிரிக்கட்டும். மலையில் கித்தான்காரனுக்கு இருக்கிற வேலை அவர்களுக்குத் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரின் மேல்மாடிகளில், ஒன்றின் மேல் ஒன்றாக வரிசை வரிசையாகச் சாக்குத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பறித்து வந்த கொழுந்தை அதன்மேல் தூவி வாடவிட்ட பிறகுதான் கீழே அரைக்க இறக்குவார்கள். அந்தத் துணி தொய்ந்தால் கொழுந்து குவிந்து புழுங்கிப் போகும், கிழிந்தால் கொட்டிப் போகும். அதைக் கப்பல் பாய் மாதிரி விறைப்பாகத் தைத்துக் கட்ட மஸ்கெலியாப் பாதை முழுக்க என்னைத் தவிர ஆள் கிடையாது. ஊசியை அழுத்தித் தள்ள உள்ளங்கையில் தோல்பட்டை, முப்பட்டை ஊசி, மெழுகு போட்ட நூல், தலையில் கப்பலிலிருந்து கொண்டுவந்த தொப்பி, இவற்றோடு நான் ஸ்டோர் ஸ்டோராக ஏறி இறங்கினேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்குறைப்பு என்றார்கள். குடும்பம் குடும்பமாகப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, அதாவது இனி உனக்கு இங்கே வேலையில்லை என்ற சீட்டைக் கொடுத்து, ரயிலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் தகரப் பெட்டியும் கம்பளியுமாக அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காத நாள் இல்லை. எனக்கு மட்டும் அந்தக் காலத்தில் தலைக்கு மேல் வேலை. புதுத் துணி வாங்க மனமில்லாத தோட்டமெல்லாம் பழைய துணியைத் தைக்கச் சொல்லி ஆளனுப்பியது. ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தபோது நான் மட்டும் சீட்டியடித்துக்கொண்டு நடந்ததாகப் பின்னால் என் மனைவி சொல்லிக் காட்டுவாள். அடித்திருப்பேன்.

அப்படி ஒரு ஸ்டோர் மாடியில்தான் அவரைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த உடம்பு, நீளமான கைகள், தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் தலைப்பா. கீழேயிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கயிற்றில் கட்டி இழுப்பார்கள். சாக்கு மாடி வாசலுக்கு வரும்போது கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு வரும். மற்ற ஆட்கள் அதை நிறுத்தத் தடுமாறுவார்கள். இவர் வாசலில் நின்று, எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் இரண்டு கையாலும் கப்பென்று பிடித்து நெஞ்சோடு அணைத்து உள்ளே திரும்பிவிடுவார். நான் ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏடன் மணலில்கூட அப்படி ஒரு கோல்கீப்பரை நான் பார்த்ததில்லை.

"தம்பி, பந்து புடிப்பியா?" என்றேன்.

"என்ன பந்துங்க?" என்றார்.

மறுநாள் பந்தோடு போனேன். நானே தோல் வெட்டித் தைத்த பந்து. கொஞ்சம் கோழிமுட்டை வாட்டம் இருந்தது உண்மைதான். அது அப்படி இருந்ததால்தான் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது, கோல்கீப்பருக்கு நல்ல பயிற்சி என்று நான் சாதித்தேன். டீ குடிக்கிற நேரத்தில் விறகுக் கொட்டகைக்குப் பக்கத்து வெளியில் உதைக்கத் தொடங்கினோம். பாய்லர்காரர் வந்தார், அரைக்கிற அறை ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச நாளில் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் பின்னால் நின்று தடுக்கிற ஆள். அதிகம் ஓட வேண்டாம், அதிகம் கத்தலாம். எனக்கென்றே அமைந்த இடம்.

ஒரு நாள் நான் மாடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். கீழே அவர்கள் உதைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த துரை குதிரையை விட்டிறங்கி வருகிறார். அந்தக் காலத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் துரை வந்தால் ஆள் பாதையில் நிற்கக் கூடாது. ஓரத்துக் கானில், அதாவது தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், இறங்கி நிற்க வேண்டும். தலைப்பாவை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டும், குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். துரை போன பிறகுதான் மேலே ஏறலாம். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நடக்கப் பழகும்போதே காலுக்கு அது வந்துவிடும். கீழே என்னைத் தவிர மற்றப் பத்துப் பேரும் கானில் நின்றார்கள். பந்து மட்டும் தனியாக உருண்டு துரையின் பூட்ஸில் போய் முட்டியது.

துரை அதைப் பார்த்தார். பிறகு ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து கோணலாகப் போய் விறகுக் குவியலில் ஏறியது. "நல்ல பந்து இல்லை!" என்று சிரித்தார். துரைமார் தமிழைப் புத்தகத்தில் படித்து வருவார்கள். அந்தப் புத்தகத்தில் ஏவுகிற வார்த்தைகளைத் தவிர வேறு எதுவும் கிடையாது போலிருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை வா. துரைகள் பதினொன்று. நீங்கள் பதினொன்று. விளையாடு!" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து நான் பேசிய பேச்சு இருக்கிறதே! "பந்து வெளையாடுற எடத்துல எதுக்குய்யா கான்ல எறங்குறீங்க? கப்பல்ல பெரிய பெரிய அதிகாரி எல்லாம் வருவான். நெஞ்ச நிமித்தி நிப்பேன். என்னை ஒருத்தன் கான்ல எறக்கிருவானா?" என்று மீசையை முறுக்கினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கோல்கீப்பர் மட்டும் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டே, "ஒங்களுக்கென்னண்ணே, ஒங்களுக்குக் கடை இருக்கு. எங்க காம்பராவும் தொரையோடது, வேலையும் தொரையோடது" என்றார்.

அது வெறும் பேச்சில்லை. அடுத்த மாதம் அனுப்பப் போகிற குடும்பங்களின் பேர்களை ஆபீசில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் மனைவிக்கும் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பரா, ஒரே அறை, அதை விட்டால் போக்கிடம் இல்லை. அவள் கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய அம்மாவே இந்த மலையில் பிறந்தவள். இந்தியாவில் எந்த ஊர் என்றுகூட இருவருக்கும் சரியாகத் தெரியாது. பேர் எழுதப்படாமல் இருக்க வேண்டுமென்றால் யார் கண்ணையும் உறுத்தாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் எல்லோர் கண்ணும் பார்க்கிற இடத்தில் இரண்டு கம்புக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினேன். அப்போது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. துரைமாரோடு ஆட்டம், அதுதான் தலைக்குள் இருந்தது. தூக்கத்தில்கூடக் காலை உதைக்கிறேன் என்று மனைவி பாயைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வட்டகொடைப் பக்கத்துத் துரை, ராகலைத் துரை என்று ஆள் திரட்டி வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை காலுறை, அடியில் கட்டை அடித்த பூட்ஸ். நாங்கள் வெறுங்கால். ஸ்டோருக்குக் கீழே ஒரு சரிவுதான் மைதானம். மேல்பக்கம் உதைத்தால் பந்து திரும்பி வரும், கீழ்ப்பக்கம் உதைத்தால் ஓடைக்குப் போகும். சுற்றிலும் தேயிலை மேட்டில் லயத்து ஜனம் முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கணக்கப்பிள்ளை குடையோடு நாற்காலி போட்டிருந்தார். ஆள்களின் பேரைப் பதிகிறவர், வெயிலிலும் குடை பிடிக்கிறவர்.

ஆட்டம் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் நன்றாகத்தான் ஓடினார்கள். பூட்ஸ் காலுக்கு ஈர மண் வழுக்கியது, வெறுங்காலுக்கு வழுக்கவில்லை. கோல்கீப்பர் சாக்குப் பிடிக்கிற மாதிரியே பந்தைப் பிடித்தார். ராகலைத் துரை உதைத்ததை நெஞ்சோடு அணைத்தார், வட்டகொடைத் துரை உதைத்ததை எட்டித் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அப்புறம் எங்கள் தோட்டத்துத் துரை பந்தோடு வந்தார். ஒருவரைத் தாண்டினார். என்னையும் தாண்டினார். முன்னால் கோல்கீப்பர் ஒருவர்தான். துரை நேராக அவரைப் பார்த்து ஓடி வருகிறார். கோல்கீப்பர் முன்னால் ஓர் அடி வைத்தார். பிறகு அந்தக் கால் தானாகப் பக்கவாட்டில் போயிற்று. ஒதுங்கினார். தலைப்பாவை அவிழ்த்தார். கக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்புக்கு வெளியே, குனிந்து நின்றார்.

துரை பந்தை மெதுவாக உள்ளே தட்டிவிட்டார். அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. பந்தையும் பார்க்கிறார், கோல்கீப்பரையும் பார்க்கிறார். மற்றத் துரைமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேட்டில் இருந்த ஜனத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. துரை ஓடி வந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரவர் தலைப்பாவுக்குக் கையைக் கொண்டுபோயிருந்ததை நான் பார்த்தேன்.

இடைவேளையில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பந்துக்கு நிக்கச் சொன்னா, தொரைக்கு வாசல் தொறந்து விடுறியே!" என்று கத்தினேன். அவர் தலைப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய மனைவி சிரட்டையில் சாயத்தண்ணி, பால் சேர்க்காத டீ, கொண்டுவந்தாள். கடித்துக்கொள்ள வெல்லத்துண்டு ஒன்றும் கொடுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், எனக்குக் கத்தல் நின்றுவிட்டது. பிறகு புருஷனிடம் சொன்னாள்:

"ஏங்க, நீங்க ஒதுங்கி நின்னாலும் பேர எழுதுறவன் எழுதத்தான் போறான். நிக்காட்டியும் எழுதுவான். எழுதுனா எழுதிட்டுப் போறான். இவ்வளவு சனம் பாத்துக்கிட்டு இருக்கு. அந்தப் பந்தையாச்சும் புடிங்க."

அவர் சாயத்தண்ணியைக் குடித்துச் சிரட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இரண்டாவது பாதியில் பாய்லர்காரர் ஒரு கோல் போட்டார். கோல் என்று சொல்வதா, முழங்காலில் பட்டுத் திரும்பியது என்று சொல்வதா தெரியவில்லை, எப்படியோ உள்ளே போயிற்று. ஆளுக்கு ஒன்று. கடைசி நேரத்தில் துரை மறுபடியும் பந்தை எடுத்தார். அதே சரிவு, அதே ஓட்டம். என்னை மறுபடியும் தாண்டினார். இந்த முறை நான் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். அதனால் நடந்ததை நான் மண்ணில் கிடந்தபடிதான் பார்த்தேன்.

துரை நெருங்குகிறார். கோல்கீப்பரின் கை தலைப்பாவுக்குப் போயிற்று. அந்தக் கை தலைப்பாவை அவிழ்க்கவில்லை. இறுக்கிச் செருகியது. அடுத்த நொடி அவர் துரையின் காலடியில் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உருண்டார். துரை அவர்மேல் தடுக்கி, கையை விரித்துப் பறந்து, முகம் குப்புறச் சேற்றில் விழுந்தார்.

மேட்டில் இருந்த ஜனம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. சிரிக்கலாமா, ஓடிவிடலாமா, யாருக்கும் தெரியவில்லை. கணக்கப்பிள்ளையின் குடை சாய்ந்துவிட்டது. துரை எழுந்தார். மூக்கிலிருந்து சேறு வழிந்தது. கோல்கீப்பர் இன்னும் பந்தைக் கட்டிக்கொண்டு தரையில்தான் கிடந்தார். துரை குனிந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"நல்ல பிடி!" என்றார். புத்தகத்தில் வேறு என்ன சொல்வதென்று தேடிவிட்டு, "இன்னும் பிடி!" என்றார்.

மேட்டிலிருந்து ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. கோயிலில் சாமி தூக்கும்போது பெண்கள் போடுகிற குலவை. அவருடைய மனைவிதான் ஆரம்பித்தாள். அப்புறம் மலை முழுக்கக் குலவை. சொல்ல வெட்கமில்லை, சேற்றில் உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன். ஆட்டம் ஆளுக்கு ஒரு கோலோடு முடிந்தது, அன்றைக்கு ஜெயிக்காதது யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், அவருடைய பேரைக் கூப்பிடவில்லை. அவருடைய மனைவி பேரையும் கூப்பிடவில்லை. "தொரைய சேத்துல தள்ளுனவனுக்கு இங்க என்ன வேல?" என்றாராம் கணக்கப்பிள்ளை. துரைக்கு இல்லாத கோபம் அவருக்கு. இரண்டு நாளில் பத்துச்சீட்டு கைக்கு வந்தது, கீழே துரையின் கையெழுத்தோடு. மேசையில் எதை வைத்தாலும் போடுகிற கையெழுத்து. அந்தச் சீட்டுகளில் யார் யார் பேர் இருக்கிறது என்று துரை பார்த்திருக்க மாட்டார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். பார்த்திருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

எனக்குச் செய்தி தெரியாது. கடையில் உட்கார்ந்து லாரிக்குப் படுதா தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் தகரப் பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. அவளும் அவரும் நின்றார்கள். அவர் சந்தின் நடுவில், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். அவள் நேராக உள்ளே வந்து துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, எங்கள ரயிலேறச் சொல்றாங்க. எந்த ஊர்ல எறங்குறதுன்னு எங்களுக்கே தெரியாது. நாங்க போகல. வேல குடுங்க."

பந்துக்கு ஆசைப்பட்டு அந்த மனிதரை நிறுத்தியவன் நான்தானே. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "பந்து புடிக்கிறது வேற, ஊசி புடிக்கிறது வேற. கப்பல்ல நான் எத்தன காலம் கத்துக்கிட்டது தெரியுமா?" என்றேன்.

அவள் என் உள்ளங்கைத் தோல்பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். படுதாவில் நான் விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தேன். என் தையலுக்கும் அவள் தையலுக்கும் வித்தியாசம் தெரிந்தது, அவளுடையது நேராக இருந்தது. "சரி, சரி. அவர உள்ள வரச் சொல்லு" என்றேன்.

கடைக்குப் பின்னால் இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். என் மனைவிக்கும் அவளுக்கும் முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்யத் தொடங்கினார்கள், அதற்கு ஆயுசு முழுக்க முடிவே வரவில்லை. அவர் மெதுவாகத் தொழில் பழகினார். துணியை இழுத்துக் கட்டுவதில் அவருக்கு நிகர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெரு அணிக்குக் கோலில் நின்றார். கேலி செய்த ராமநாதபுரத்து முதலாளிகளே கடையை மூடிவிட்டு ஆட்டம் பார்க்க வந்தார்கள்.

சில மாதம் கழித்து அதே தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. மாடித் துணியெல்லாம் தொய்ந்துவிட்டதாம். போகலாமா என்று நான் இழுத்தேன். "வேலதானேண்ணே, போவோம்" என்றார் அவர். தைத்துத் தயாராக வைத்திருந்த சாக்குத் துணியை நீளமாகச் சுருட்டி, முன்பக்கத்தை அவர் தோளிலும் பின்பக்கத்தை என் தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் கான், நடுவில் ஆள் போகிற அளவுக்குப் பாதை. நான் வழக்கம்போலப் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தேன். பஸ்ராவில் நான் போட்ட கோலைப் பற்றி.

திருப்பத்தில் குளம்புச் சத்தம் கேட்டது. குதிரை மேல் துரை.

முன்னால் நடந்தவர் நின்றார். தோளில் துணி, தலையில் அந்தச் சிவப்புத் தலைப்பா, பாதையின் நடுவில். துரை கடிவாளத்தை இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கோல்கீப்பர்! எங்கே போனாய்? விளையாட ஏன் வரவில்லை?"

"என்னையத் தோட்டத்த விட்டு நிப்பாட்டியாச்சுங்க தொரை."

"யார் நிறுத்தியது?"

"சீட்டுல ஒங்க கையெழுத்துங்க."

துரையின் காது சிவந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கொஞ்ச நேரம் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்குப் பெரட்டுக்கு வா. நான் சொல்கிறேன். பேர் போடு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழில் அது மன்னிப்புதான் என்று நினைக்கிறேன்.

"இல்லீங்க தொரை. எங்களுக்குக் கடையில வேல இருக்கு." அவர் குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. தோளை ஒருமுறை அசைத்துச் சுமையைச் சரிசெய்துகொண்டார். "கொஞ்சம் வழி விடுங்க. துணி கனக்குது."

துரை அவரைப் பார்த்தார். பிறகு கடிவாளத்தைத் திருப்பினார். குதிரை பாதையை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே காலை எடுத்து வைத்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதன் வயிற்றில் இலைகள் உரசுகிற சத்தம் கேட்டது.

என் நண்பரைப் பார்த்து எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை. வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் பாதத்தில் சில்லென்று உணர்ந்தேன். குனிந்து பார்த்தேன். கணுக்கால்வரை தண்ணீர். என் தொப்பி, கப்பலிலிருந்து கொண்டுவந்த அதே தொப்பி, நெஞ்சோடு சேர்த்து என் கையில் இருந்தது. எப்போது இறங்கினேன், எப்போது கழற்றினேன், இன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் துணி சாய்ந்ததை வைத்தே தெரிந்துகொண்டார்.

"மேல வாங்கண்ணே," என்றார். "துணி நனையுது."